பூனைகளின் தாய்

கெய்ரோ மாநகரில் ஷவ்வால் மாதத்தின் இறுதிப் பகுதியில் ஹஜ்ஜுப் பயணக் கூட்டம் புறப்படும் நாள், முன்காலத்தில் ஒரு பெருநாளைப் போலவே கொண்டாடப்பட்டு வந்தது. பொழுது புலருமுன்பே கடைவீதித் திண்ணைகளில் மக்கள் இடம்பிடித்து அமர்ந்துவிடுவர். படைவீரர் அணியணியாக வருவர். தரீக்காக்களைச் சேர்ந்த ஃபக்கீர்கள் தத்தம் கொடிகளை ஏந்தி வருவர். நடுநாயகமாக, ஓர் உயர்ந்த ஒட்டகத்தின் முதுகில் மஹ்மல் என்னும் சிவிகை அசைந்து வரும். பொன்னிழையால் எழுத்து வேலை செய்த பட்டுத் திரை அதனைப் போர்த்தியிருக்கும். உள்ளே எவரும் இல்லை. மேற்புறத்தில் வெள்ளிப் பேழைகளில் வைத்த இரண்டு திருக்குர்ஆன் பிரதிகள் மட்டுமே உண்டு. எகிப்தை ஆள்பவரின் அடையாளமாக அந்த வெற்றுச் சிவிகை மக்கமா நகர் வரை சென்று மீளும்.

இவ்வூர்வலத்தைக் கண்ணாரக் கண்டு எழுதிவைத்தவர்களுள் ஒருவர் எட்வர்ட் வில்லியம் லேன் என்னும் ஆங்கில அறிஞர். 1801ஆம் ஆண்டில் பிறந்த இவர், எகிப்திய உடை தரித்து, மன்சூர் எஃபெந்தி என்று பெயர் சூட்டிக்கொண்டு, கெய்ரோவின் தெருக்களில் அந்நகர மக்களோடு மக்களாக வாழ்ந்தவர். எகிப்தியரின் பழக்கவழக்கங்களைப் பற்றி இவர் எழுதிய நூல் 1836இல் வெளிவந்தது. ஐரோப்பியர் பலர் முஸ்லிம்களைப் பற்றி எழுதியவற்றைப் படிக்கும்போது நமக்கு எழும் எரிச்சல் இந்நூலைப் படிக்கும்போது பெரும்பாலும் எழுவதில்லை. பிற்காலத்தில் பேரகராதி ஒன்றைத் தொகுத்து அரபு மொழிக்கே தொண்டு செய்தவரன்றோ!

மஹ்மல் ஊர்வலத்தை வருணிக்குமிடத்தில் லேன் ஒரு மூதாட்டியைக் குறித்து இரண்டொரு வரிகள் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, தலையில் முக்காடின்றி, நீண்ட சட்டை ஒன்றை மட்டுமே அணிந்த ஒரு மூதாட்டி மஹ்மலைத் தொடர்ந்து வருவது வழக்கமாம். அவர் ஏறிய ஒட்டகத்தின் மீது, அவரைச் சூழ்ந்து, எப்போதும் ஐந்தாறு பூனைகள் அமர்ந்திருக்குமாம். மக்கள் அவருக்கு இட்ட பெயர் ‘உம்முல் குதத்’. பூனைகளின் தாய் என்று பொருள்.

அவருடைய இயற்பெயரை லேன் எழுதவில்லை. ஆயினும் அந்த இரண்டு வரிகளில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. முக்காடிட்ட பெண்கள் நிறைந்த நகரில், தலை திறந்த ஒரு கிழவி, பூனைகள் புடைசூழ, மன்னரின் சின்னத்திற்குப் பின்னால் ஒட்டகமேறி வருகிறார். காவலர் அவரை இறக்கிவிடவில்லை. அறிஞர்கள் அவரை விரட்டவில்லை. இறைநினைவில் தம்மை மறந்தவரெனக் கருதப்பட்டோரை ‘மஜ்தூப்’ என்று பொறுத்துக்கொள்வது அக்காலக் கெய்ரோவின் வழக்கம். இம்மூதாட்டியையும் அவ்வாறே கருதியிருப்பார்கள் என்று கொள்வதில் தவறில்லை. ஆனால் அவர் ஏந்தி வந்தது தஸ்பீஹ் மணியை அன்று, பூனைகளை. அவற்றையும் ஹஜ்ஜுப் பயணக் கூட்டத்தில் ஓர் அங்கமாக அந்நகரம் ஏற்றுக்கொண்டது. ஏன்?

ஐரோப்பிய எழுத்தாளர் சிலர் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றனர். பண்டை எகிப்தியர் பூனைத் தலை கொண்ட பஸ்தத் என்னும் தெய்வத்தை வணங்கினர். அத்தெய்வத்தின் கோயில் இருந்த புபாஸ்திஸ் நகருக்கு மக்கள் படகுகளில் திரள்திரளாகச் சென்றதை ஹிரோடோட்டஸ் வருணித்திருக்கிறார். அந்த யாத்திரையின் எச்சமே இந்தப் பூனைத் தாய் என்பது அவர்கள் துணிபு. கேட்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு முஸ்லிம் மூதாட்டியின் செயலுக்கு விளக்கம் தேட ஈராயிரம் ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்க வேண்டிய தேவை என்ன? அவருக்கு மிக அருகிலேயே, ஒவ்வொரு முஸ்லிம் வீட்டின் அடுக்களையிலும் முற்றத்திலும், அதற்கான வேர் இருந்தது. அந்த வேரைக் காக்கப் பெண்களும் துணைநின்றார்கள் என்பதே நாம் இங்குக் கருதிப் பார்க்க வேண்டியது.

மதீனாவில் கஅபு இப்னு மாலிக் (ரலி) என்னும் கவிஞர் இருந்தார். தபூக் படையெடுப்பில் கலந்துகொள்ளாமல் பின்தங்கிவிட்டு, பொய்க் காரணம் எதுவும் கூறாமல் உண்மையை ஒப்புக்கொண்ட மூவருள் அவரும் ஒருவர். ஐம்பது நாள்கள் மதீனாவில் எவரும் அம்மூவருடன் பேசவில்லை. துயரம் தாளாமல் கஅபு அவர்கள், தம் சிறிய தந்தையின் மகனும் நெருங்கிய நேசருமாகிய அபூ கதாதா (ரலி) அவர்களின் தோட்டச் சுவரேறிச் சென்று சலாம் உரைத்தார்கள். அதற்கும் மறுமொழி கிடைக்கவில்லை. இறைவனின் மன்னிப்பு அருளப்பெற்ற பின்னரே அந்த மௌனம் கலைந்தது. இந்த வரலாற்றை நம்மவர் பலரும் அறிவர். அந்த இரு குடும்பங்களும் பின்னர்ச் சம்பந்திகளாயின என்பதையும், கஅபின் மகள் கப்ஷா அபூ கதாதாவின் மகனை மணந்தார் என்பதையும் அறிந்தோர் சிலரே.

ஒருநாள் அபூ கதாதா அவர்கள் மகனின் வீட்டுக்கு வந்தார்கள். மருமகள் கப்ஷா ஒளுச் செய்வதற்கு நீர் எடுத்து வைத்தார். அப்போது ஒரு பூனை வந்து அந்நீரை நாடியது. முதியவர் அதனை விரட்டவில்லை. பாத்திரத்தைச் சற்றே சாய்த்துப் பிடித்து, அது பருகி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். மருமகள் இமைக்காமல் பார்ப்பதைக் கண்டு, வியப்பாக இருக்கிறதா என்று வினவினார்கள். ‘ஆம்’ என்றார் கப்ஷா. பூனை அசுத்தமானதன்று என்றும், அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவர்களைச் சேர்ந்தது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை அப்போது எடுத்துரைத்தார்கள்.

சுற்றி வருபவர்கள் என்பதற்கு இந்நபிமொழியில் வரும் சொல்லை ஊன்றிக் கவனிக்க வேண்டும். திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் 58ஆம் வசனத்தில், வீட்டுக்குள் அடிக்கடி வந்துபோகும் பணியாளர்களையும் சிறுவர்களையும் பற்றிய இடத்தில் அதே சொல் வருகிறது. அவர்கள் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு நுழைய வேண்டுமென்றால் வீட்டார் பெரும் சங்கடத்துக்கு உள்ளாவர். ஆகவே குறிப்பிட்ட மூன்று வேளைகளைத் தவிர மற்ற நேரங்களில் சலுகை உண்டு. பூனையும் அவ்வாறே. அது தொட்டதையெல்லாம் தீட்டென்று ஒதுக்கினால் இல்லறம் நடவாது. இங்ஙனம் ஒரே சொல்லால் பூனை வீட்டாரின் வரிசையில் சேர்க்கப்பட்டுவிட்டது. நான்கு சுவருக்குள் அதற்கு ஓர் உரிமை கிடைத்துவிட்டது.

கப்ஷா கண்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. ஹுமைதா என்னும் பெண்மணிக்கு அதனை உரைத்தார். ஹுமைதா தம் கணவர் இஸ்ஹாக்குக்கு உரைத்தார். இஸ்ஹாக்கின் மாணவரே இமாம் மாலிக் (ரஹ்). அவர்களின் ‘முவத்தா’வில் இச்செய்தி இடம்பெற்றது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அதனை மாலிக்கிடமிருந்து பெற்றார்கள். நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் பூனை வாய்வைத்த நீரில் ஒளுச் செய்வதற்குத் தயங்காதது இந்த இரு பெண்களின் நாவினால் வந்த நன்மை. ஹனஃபி மத்ஹபில் அது ‘மக்ரூஹ்’ எனப்படினும், அங்கும் பூனை நாயைப் போன்று வைக்கப்படவில்லை, சலுகை உண்டு.

இதனையொத்த இன்னொரு நிகழ்ச்சியை அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். அதனை அறிவிப்பவரும் ஒரு பெண்ணே. எசமானி ஒருவர், கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் குழையச் சமைத்த ஹரீஸாவை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குக் கொடுத்தனுப்புகிறார். பணிப்பெண் கொண்டுசென்றபோது அன்னையார் தொழுதுகொண்டிருந்தார்கள். கீழே வைக்குமாறு சைகை செய்தார்கள். பூனை ஒன்று வந்து அதில் சிறிது தின்றுவிட்டது. தொழுது முடித்த அன்னையார், பூனை தின்ற இடத்திலிருந்தே எடுத்து உண்டார்கள். பூனை எச்சில் வைத்த நீரில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுச் செய்ததைத் தாம் கண்டிருப்பதாகவும் கூறினார்கள். கொண்டுவந்த பணிப்பெண் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் தம் மகனுக்குச் சொன்னார். பெயர் குறிக்கப்படாத ஒரு வேலைக்காரியின் சொல்லை நபிமொழித் தொகுப்பு ஏற்றுப் பதிவு செய்திருக்கிறது.

பூனையைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் வேறொரு கதை உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் சட்டைக் கையின் மீது பூனை உறங்கியதாகவும், அதனை எழுப்ப மனமின்றி அவர்கள் கையைக் கத்தரித்ததாகவும் கூறுவர். ‘முஇஸ்ஸா’ என்று பூனைக்குப் பெயரும் சொல்லிவிடுவர். நம்பத்தக்க நபிமொழித் தொகுப்புகளில் இதற்கு இடமில்லை. ரிஃபாயி ராத்திபு ஓதப்படும் நம் ஊர்களில் நன்கு அறியப்பட்ட மகான் அஹ்மது கபீர் ரிஃபாயி (ரஹ்) அவர்களின் வரலாற்றில்தான் இந்நிகழ்ச்சி கூறப்படுகிறது. தொழுகை நேரம் வந்தது. சட்டைக் கையில் பூனை துயின்றது. கையைக் கத்தரித்துவிட்டுத் தொழப் போனார்கள். திரும்பி வந்தபோது பூனை எழுந்து போயிருந்தது. துண்டை எடுத்துத் தைத்துக்கொண்டார்கள். 1182இல் மறைந்த அம்மகானின் கதையை அவருக்கே விட்டுவிடுவதுதான் நேர்மை. நாயகத்தின் கருணைக்குச் சான்று தேட நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்ற நபிமொழியை அறியாதார் இலர். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அவள் பூனையை அடித்துக் கொன்றதாக அதில் இல்லை. தானும் உணவளிக்கவில்லை, மண்ணில் ஊர்வனவற்றைத் தானே பிடித்துத் தின்ன அவிழ்த்துவிடவும் இல்லை. இதுவே குற்றம். அடைத்தவர் உணவளிக்கக் கடமைப்பட்டவர் என்பது இதனின்று பெறப்படும் சட்டம். மாலிகி சட்ட அறிஞர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். கண் தெரியாத பூனை ஒன்று ஒரு வீட்டில் புகலடைந்து, வெளியேற இயலாமற் போனால், அதற்கு உணவளிப்பது வீட்டுக்காரர் மீது கடமையாகிவிடும் என்றனர். அழைத்து வந்தவரல்லர், வளர்த்தவரும் அல்லர், அது வந்து தங்கிவிட்டது, அவ்வளவுதான்! புகலிடம் என்பது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது மட்டுமன்று, புகுந்ததன் இயலாமையைப் பொறுத்ததும்கூட என்று வகுத்த நுட்பம் வியக்கத்தக்கது.

கண்ணற்ற பூனை என்றதும் கெய்ரோவின் பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வருகிறது. ஃபாத்திமியர் ஆட்சியில் இப்னு பாபஷாத் என்றோர் இலக்கண அறிஞர் இருந்தார். அரசின் கடிதங்கள் வெளியே போகுமுன் அவற்றிலுள்ள மொழிப் பிழைகளைத் திருத்துவது அவர் உத்தியோகம், நல்ல ஊதியம். ஒருநாள் பள்ளிவாசலின் மேல்தளத்தில் நண்பர்களுடன் உண்டுகொண்டிருந்தபோது ஒரு பூனை வந்தது. ஒரு கவளம் இட்டார்கள், கவ்விக்கொண்டு ஓடியது, மீண்டும் வந்தது. இப்படியே பலமுறை. ஐயுற்றுப் பின்தொடர்ந்தபோது, இடிந்த ஒரு மூலையில் கண்ணற்ற வேறொரு பூனையின் முன்னால் அது உணவை வைப்பதைக் கண்டார்கள். இந்த வாயற்ற பிராணிக்கு இன்னொரு பிராணியைக் கொண்டு உணவளிப்பவன் தம்மைக் கைவிடுவானோ என்று எண்ணிய இப்னு பாபஷாத், உத்தியோகத்தைத் துறந்து பள்ளிவாசலிலேயே தங்கிவிட்டார். இரவொன்றில் அப்பள்ளியின் மேல்தளத்திலிருந்து தவறி விழுந்து 1077இல் உயிர்நீத்தார். வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் இதனைக் குறித்திருக்கிறார்.

இத்தகைய நகரில்தான் சுல்தான் பைபர்ஸ் அரசாண்டார். கிப்சாக் துருக்கிய இனத்திற் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, 1260இல் ஐன் ஜாலூத் போர்க்களத்தில் மங்கோலியரைப் புறங்காட்டச் செய்த படையில் முன்னணியில் நின்று, அவ்வாண்டே அரியணை ஏறியவர். ஏறிய முறை இரத்தக் கறை படிந்தது, அதை மறைப்பதற்கில்லை. அக்காலக் கெய்ரோவில் அவருக்கும் அஞ்சாதவராக ஒருவர் இருந்தார். அவர் ‘அறிஞர்களின் சுல்தான்’ எனப்பட்ட ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்). 1262இல் மறைந்த இப்பெருமகனார் தம் சட்ட நூலில், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். முதுமையாலோ நோயாலோ பயன்படாமற் போன பிராணிக்கும் செலவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பயனற்றதற்கும் உரிமையுண்டு என்பதே இதன் சாரம்.

பைபர்ஸ் 1260களின் பிற்பகுதியில் கெய்ரோவின் வடபுறத்தில், ஹுசைனிய்யாப் பகுதியில், ஒரு பெரும் பள்ளிவாசல் எழுப்பினார். அதன் அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்காக வக்ஃபு செய்தார். ‘கைத்துல் குத்தா’, அதாவது பூனைத் தோட்டம், என்று அதற்குப் பெயர் வழங்கியது. தோட்டத்தின் வருவாயைக் கொண்டு வீடற்ற பூனைகளைப் பராமரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மஹ்மலை முதன்முதலாக மக்காவுக்கு அனுப்பியவர் என்று கூறப்படுபவரும் இதே பைபர்ஸ்தாம் என்பது குறிப்பிடத்தக்கது. சிவிகையும் தோட்டமும் ஒரே கையிலிருந்து வந்தவை. அச்சிவிகைக்குப் பின்னால் ஒரு பூனைத் தாய் வந்ததில் பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

பூனைகளுக்கு வக்ஃபு என்பது கெய்ரோவுக்கு மட்டும் உரியதன்று. டமாஸ்கஸ் நகரில் பூனைகளுக்கென்றே ஒரு வீடு வக்ஃபாக இருந்ததையும், நூற்றுக்கணக்கான பூனைகள் அங்கு உண்டு கொழுத்துத் திரிந்ததையும் சிரியாவின் அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸிபாயீ (1915–1964) எழுதியிருக்கிறார். உழைத்து ஓய்ந்த கிழட்டுக் குதிரைகள் சாகும்வரை மேய்வதற்கென ஒரு பசும்புல் வெளியும் அந்நகரில் வக்ஃபாக இருந்தது.

இனி, பூனைத் தோட்டத்தின் கதிக்கு வருவோம். ஏறத்தாழ 560 ஆண்டுகள் கழித்து லேன் கெய்ரோவில் வாழ்ந்தபோது தோட்டம் பெயரளவில்தான் எஞ்சியிருந்தது. வக்ஃபு நிலத்தை விற்க முடியாது என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். விற்க முடியாததை எப்படி விற்பது என்பதை நம் முத்தவல்லிகளுள் சிலரைப் போலவே அன்றைய நிருவாகிகளும் அறிந்திருந்தனர். நிலம் பாழ்பட்டுவிட்டது, பெருஞ்செலவு செய்தாலன்றி விளையாது என்று காரணம் காட்டினால், காழியின் ஒப்புதலுடன் கைமாற்ற வழியுண்டு. மெய்யாகவே பாழ்பட்ட சொத்தைக் காப்பாற்ற அறிஞர்கள் திறந்துவைத்த சிறு கதவு அது. பாழ்பட விட்டவரே பாழ்பட்டது என்று சான்றுரைக்கும்போது அந்தக் கதவு தலைவாசலாகிவிடுகிறது. நிருவாகிகள் விற்றனர், வாங்கியோர் மறுபடி விற்றனர், மறுபடியும் விற்றனர். வக்ஃபின் பழைய உரிமைக்கு அடையாளமாக ‘ஹிக்ர்’ எனப்படும் நிலவாடகை மட்டும் நின்றது. அது ஆண்டுக்கு 15 பியாஸ்தர். பள்ளிவாசல் மனைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொற்ப வாடகை கொடுத்து மாடி மேல் மாடி கட்டியோரைக் கண்ட நமக்கு, இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

அப்பதினைந்து பியாஸ்தரைக் கொண்டு ஒரு நகரத்தின் பூனைகளுக்கு உணவளிப்பது எங்ஙனம்? வக்ஃபுகளுக்கெல்லாம் காவலர் காழி. ஆகவே முன்னோர் விட்ட பிழைக்கு ஈடுகட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. அன்றைய கெய்ரோவின் தலைமைக் காழி இஸ்தான்புல்லிலிருந்து வருபவர். ஓராண்டே பதவியில் இருப்பவர். அப்பதவியையும் விலை கொடுத்தே பெற்றவர். போட்ட முதலை ஓராண்டுக்குள் எடுக்க வேண்டிய அம்மனிதர், ஆறு நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரு சுல்தானின் வாக்குறுதிக்காகத் தம் பணத்தைச் செலவிட்டார் என்பது வேடிக்கையாகவே இருக்கிறது. ஆனாலும் செலவிட்டார். பிற்பகல்தோறும் நீதிமன்றத்தின் பெரிய முற்றத்துக்கு இறைச்சிக் கழிவுகள் கொண்டுவரப்படும்; பூனைகளைக் குரல் கொடுத்து அழைப்பார்கள்; அவை கூடி உண்ணும். வழக்குக்கு வந்தோர் ஒருபுறம், வழக்கின்றி வந்த இவை ஒருபுறம். இக்கடமையும் நாளடைவில் அரைகுறையாகவே நடந்தது என்று லேன் குறை கூறுகிறார்.

தோட்டத்துக்கு நிழல் தந்த அப்பள்ளிவாசலின் கதை இன்னும் துயரமானது. 1798இல் நெப்போலியனின் படை அதனைக் கோட்டையாக்கிற்று. பின்னர் சவுக்காரத் தொழிற்சாலையாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் மாடறுக்கும் தொட்டியாகி, ‘ஆங்கிலேயர் தொட்டி’ என்றே அப்பகுதி மக்களால் அழைக்கப்பட்டது. (அந்தப் பகுதிப் பூனைகளுக்கு இதில் வருத்தம் இருந்திராது.) நெடுங்காலம் சிதைந்து கிடந்த பள்ளி, திருப்பணி முடிந்து 2023இல்தான் மீண்டும் தொழுகைக்குத் திறக்கப்பட்டது. தோட்டம் திரும்பவில்லை. மஹ்மலும் இன்று இல்லை. 1926இல் மினாவில் நேர்ந்த மோதலுக்குப் பின் அது மக்காவுக்குச் செல்லவில்லை.

சுல்தானின் சாசனத்தில் முத்திரை இருந்தது, சாட்சிகள் இருந்தனர், வருவாய் இருந்தது. உம்முல் குததிடம் ஓர் ஒட்டகமும் ஒரு சட்டையும் ஐந்தாறு பூனைகளும் இருந்தன. கப்ஷாவிடம் ஒரு நீர்ப்பாத்திரமும் கண்ட காட்சியும் இருந்தன. எது நிலைத்தது, எது கரைந்தது என்பதைக் காணும்போது, நம் சமுதாயத்தின் அறக்கொடைகளை யார் கையில் ஒப்படைத்திருக்கிறோம் என்ற கவலை எழாமல் இல்லை.

லேனின் காலத்துக் கெய்ரோவாசிகளோ தோட்டம் விற்கப்பட்டதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பூனைகளுக்குக் காழி பொறுப்பு என்பது மட்டும் அவர்கள் நினைவில் தங்கியிருந்தது. வீட்டில் பூனை பெருகிவிட்டாலோ, வளர்க்க இயலாமற் போனாலோ, அவர்கள் அதனைத் தெருவில் எறிந்துவிடவில்லை. எடுத்துக்கொண்டு காழியின் இல்லத்துக்கு நடந்தார்கள். இல்லையேல் ஆள்வசம் கொடுத்தனுப்பினார்கள். அந்தப் பெரிய முற்றத்தில் அதனை இறக்கிவிட்டு, காழியிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், வந்த வழியே திரும்பினார்கள்.